எனக்கான பானத்தை அப்பா குடித்தது

வெனிலா வாசனை அடித்த அந்தப் பானம் எனக்காகக் கலக்கப்பட்டது. நர்சம்மா அந்தப் பக்கம் திரும்பியதும் அப்பா அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி கிளாஸை என் கையில் திணித்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது. முந்தின இரவிலிருந்து பட்டினி வேறு. அழுகையே வந்துவிட்டது.

அப்பாவுக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிப்பவர் அவர். பளபளக்கும் தோலை மடித்து, இழுத்து, மறைந்திருக்கும் கீறலைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் பிழைப்பு. வீட்டிலும் அப்படியே. பால்காரர், பஸ் கண்டக்டர், சொந்த மாமியார் என்று ஒருவரையும் விட்டுவைத்ததில்லை. அதற்கு முந்தின வருடம்தான் என் அண்ணன் எலும்பும் தோலுமாக இளைத்து, ஒருநாள் நினைவு தப்பி விழுந்தான். எங்கள் ஊர் மாதனூரிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிழைத்தது பெரிய விஷயம். அன்றிலிருந்து அவனுக்குத் தினமும் இன்சுலின் ஊசி.

இன்சுலின் சுரக்கும் செல்களை அவன் உடம்பே அழித்துவிட்டது என்றார் டாக்டரம்மா. என் ரத்தத்தைச் சோதித்தபோது அதிலும் அதற்கான தடயம் இருந்தது. செல்கள் இன்னும் எவ்வளவு வேலை செய்கின்றன என்று அளந்துகொண்டே வந்தால், அண்ணனைப் போல விழுவதற்கு முன்பே சுதாரித்துக்கொள்ளலாமாம். அதற்காகத்தான் வெறும் வயிற்றில் அந்தப் பானம், பிறகு விட்டுவிட்டு ரத்தம் எடுப்பது.

"ஓடியாடுற கொழந்தைக்குச் சக்கரப் பாலு குடுப்பாங்களாம். அப்பறம் சக்கர வந்துடுச்சின்னு அவங்களே சொல்லுவாங்களாம்" என்று பஸ்ஸிலேயே அப்பா முணுமுணுத்தார். ஊரார் தோலையெல்லாம் சந்தேகப்பட்டுப் புரட்டியவருக்கு, மகளின் உள்ளே பார்க்க மட்டும் பயம். அந்தப் பயம் எனக்கு இப்போதுதான் புரிகிறது.

கொஞ்ச நேரம் கழித்து நர்சம்மா என் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை துளியும் ஏறவில்லை. காலி கிளாஸைப் பார்த்தார். பிறகு அப்பாவின் மீசையைப் பார்த்தார். அதில் பானம் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"இன்னா சார், நீங்களே குடிச்சிட்டீங்களா?"

"அதுல இன்னா கலந்திருக்குன்னு பாக்க வேணாமா?"

அடுத்த வாரம் மறுபடி போனோம். இந்தத் தடவை நர்சம்மா நகரவே இல்லை, நான்தான் குடித்தேன். இன்சுலின் குறைவாகத்தான் சுரக்கிறது என்று முடிவு வந்தது. அதன்பின் அடிக்கடி வரச்சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் சர்க்கரை ஏறத் தொடங்கியதும் ஊசியை ஆரம்பித்தார்கள். என்னை யாரும் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்கு வந்தேன்.

வந்ததும் வராததுமாக அப்பா கத்தத் தொடங்கினார். "நான் அப்பவே சொன்னேன்! எல்லாம் அந்தப் பாலு பண்ண வேல. நல்லா இருந்த பொண்ண கெடுத்துட்டாங்க!"

மூலையில் தனக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் தலையை நிமிர்த்தினான்.

"நான் அத குடிக்கவே இல்லியேப்பா."

அப்பா எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.