பிள்ளையின் நட்சத்திரத்தில் விளையாடிய மனுசன்

சிரிப்பதென்றால் முதலிலேயே சிரித்து முடித்துவிடுங்கள், நடுவில் சிரித்தால் நான் எழும்பிப் போய்விடுவேன். பேய், பிசாசு, கண்ணூறு, செய்வினை என்று யாராவது வாயெடுத்தால் எனக்குப் பயம் வராது, ஆத்திரம்தான் வரும். நான் மன்னார்ப் பக்கத்து வேதக்காரி, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போவேன், வருவேன், அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கலியாணத்துக்குக்கூட எங்கள் வீட்டில் சாதகக் குறிப்புப் பார்க்கவில்லை, என்னுடைய நட்சத்திரம் என்னவென்று எனக்கே தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இருந்ததில்லை. அப்படிப்பட்ட எனக்குத்தான் இது நடந்தது, அதுவும் சுடுகாட்டிலோ பாழடைந்த வீட்டிலோ இல்லை, இங்கே கியூபெக்கில், புவாண்ட்-கிளேரில், கார் நிறுத்துமிடத்தில், பட்டப்பகலில்.

என் மனுசன் சுதன் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன் என்றுதான் இவ்வளவு காலமும் மற்றவர்களுக்குச் சொல்லி வந்தேன், இனிச் சொல்வதாக இல்லை. வான் ஓட்டி கராஜுகளுக்குச் சாமான் இறக்குகிற வேலை. போகிற வழியில் ஒரு பார், அதற்குள் பழப்படங்கள் சுழல்கிற சூதாட்ட மெசின்கள். அங்கே வருகிறவர்களைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒருவன் மெசினின் பக்கத்தில் கைவைத்துச் சூடு பார்ப்பான், இன்னொருவன் அடுத்தவன் தோற்று எழும்பும்வரை அவன் பிடரிக்குப் பின்னால் மூச்சு விட்டுக்கொண்டு நிற்பான், எல்லாருக்கும் எப்போது உட்காரவேண்டும் என்பதற்கு ஏதோ ஒரு வழி இருக்கும். என் மனுசனுடைய வழி போனில் இருந்தது.

அந்தச் செயலியை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தமிழில் இருந்தது. பிறந்த நாள், பிறந்த நேரம், நட்சத்திரம் எல்லாம் கொடுத்தால் எந்த நேரத்தில் மெசினில் இருக்கவேண்டும் என்று கணித்துச் சொல்லும், நேரம் வந்ததும் போன் அதிரும். எனக்கு முதலில் காட்டியபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

"உங்கடை சனீஸ்வரனுக்குக் கரண்டிலை ஓடுற மெசினோடை என்ன அலுவல்?" என்று கேட்டேன்.

"நீர் வேதக்காரி, உமக்கு உது விளங்காது," என்றார்.

கொஞ்சக் காலம் அது அதிரவே இல்லை. தனக்கு ஏழரைச் சனி நடக்கிறதாம், நல்ல நேரம் எதுவும் விழவில்லையாம், அதற்காக வீட்டில் என் மேலும் பிள்ளை மேலும் எரிந்து விழுந்துகொண்டு திரிந்தார். பிறகு ஒரு கிழமை திடீரென்று அதிரத் தொடங்கியது. சனியன் விலகிவிட்டான் போல என்று நினைத்துக்கொண்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

எங்கள் மகள் லியாவுக்கு நாலு வயது. கார்டரிக்கு, பிள்ளைகள் காப்பகத்துக்குப் போகிறவள், வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான், தமிழில் 'தண்ணி', 'வேண்டாம்' என்பதற்கு மேல் வராது, அதையும் மூக்கால்தான் சொல்வாள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், பருப்பும் சோறும் தின்றுகொண்டிருந்த பிள்ளை கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டு "இப்ப" என்றாள். அவளுடைய குரல்தான், ஆனால் பிள்ளை பேசுகிற மாதிரி இல்லை, மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனைச் சொல்வார்களே, அந்த மாதிரி. நம்பினால் நம்புங்கள், அவள் சொல்லி முடித்த பிறகுதான் சுதனுடைய ஜாக்கெட்டுக்குள் போன் அதிர்ந்தது. மனுசன் சோற்றுக் கையைக்கூடச் சரியாகக் கழுவவில்லை, கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு ஓடினார். லியா வாய்க்குள் சோற்றோடு மேசையிலேயே நித்திரையாகிவிட்டாள், நான் விரலை விட்டுத்தான் சோற்றை எடுத்தேன்.

தகப்பனைப் பார்த்துப் பழகிய சொல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் கார்டரியில் பிள்ளைகளைப் பார்க்கிற பெண் ஒருநாள் என்னை மறித்து, 'இப்ப' என்றால் உங்கள் மொழியில் என்ன, லியா விளையாடிக்கொண்டிருக்கும்போதே நின்று அதைச் சொல்கிறாள், சொன்ன உடனே விழுந்து தூங்குகிறாள், எழுப்பினாலும் எழும்புகிறாள் இல்லை என்றாள். தகப்பன் அந்த நேரத்தில் வேலை வானோடு எங்கேயோ, போனும் அவரோடு. டொக்டரிடம் கொண்டுபோனேன், இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை, இரும்புச் சத்து மருந்து கொடுங்கள் என்றார்கள். பிள்ளை என் கண்ணுக்கு முன்னால் கரைந்துகொண்டு போனாள். குளிக்க வார்க்கும்போது முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. எனக்கு அதற்குப் பிறகு வேறு எதுவுமே முக்கியமாக இருக்கவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். சுதன் போனைப் பார்ப்பதை விட்டுவிட்டார். பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைவிட அவள் கொஞ்சம் முந்திச் சொல்கிறாள் அல்லவா, அந்தக் கொஞ்ச நேரம்கூட அவருக்கு வேண்டியிருந்தது.

ஒரு சனிக்கிழமை, பிள்ளையை நீச்சலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அவளுக்குச் சப்பாத்து வாங்கலாம் என்று பஸ் எடுத்துப் புவாண்ட்-கிளேருக்குப் போனேன். நல்ல வெயில், ஸ்னோவில் பட்டுக் கண் கூசுகிறது, பார்த்தால் அந்தப் பாருக்கு முன்னால் எங்கள் கார், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. கிட்டப் போனேன். பின்சீற்றில் லியா, பட்டி கட்டியபடி, நித்திரை. முன்சீற்றின் முதுகில் எங்கள் பழைய போனைக் கொளுவி, உள்ளேயிருந்து அவள் வாயைப் பார்க்க வீடியோ கோல் போட்டுவிட்டிருக்கிறார். அதில் சுதனுடைய நாடியும் அதற்குப் பின்னால் சுழல்கிற பழப்படங்களும் தெரிகின்றன. பிள்ளையின் கண் மூடியிருக்க உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

என்னிடமும் ஒரு திறப்பு இருந்தது. பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே போனேன். பிள்ளைகளைக் கொண்டுவரக் கூடாது என்று வெயிட்ரஸ் பிரெஞ்சில் கத்தினாள், அவள் கத்துவது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"பிள்ளையைக் காருக்குள்ளை கட்டிப்போட்டிட்டு இஞ்ச என்ன செய்யிறியள்?"

"ஹீட்டர் போட்டுத்தானே விட்டனான். கத்தாதையும், சனம் பாக்குது."

"பாக்கட்டும்! வடிவாப் பாக்கட்டும்! பிள்ளைக்கு என்ன செய்தனீங்கள்?"

மனுசன் என் முகத்தைப் பார்க்கவில்லை. "என்ரை குறிப்புக்கு ஒண்டும் விழேல்லை. பிள்ளையின்ரை பலன்தானே தேப்பனுக்கு. அதுதான் அவளின்ரை குறிப்பைப் போட்டனான். ஊரிலையும் எல்லாரும் அப்பிடித்தானே பாக்கிறவை?"

பார்க்கிறவர்கள்தான், எனக்கும் தெரியும். பிள்ளை பிறந்த நேரம் தகப்பனுக்கு நல்லதா கெட்டதா என்று குறிப்பைக் கொண்டுபோய்க் கேட்பார்கள், வேலை கிடைத்தால் பிள்ளையின் பலன் என்பார்கள். அதை ஒரு மனுசன் மெசினுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பான் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. மெசினுக்கு மேலே வைத்திருந்த அவருடைய போனைப் பறித்தேன். செயலியைத் திறந்தால் லியாவின் பெயர், பிறந்த நாள், நேரம், நட்சத்திரம். அழி என்பதை அமத்தினேன். திரையில் 'ஓர் ஆள் வேண்டும்' என்று வந்தது. செயலியையே எடுத்துவிடப் பார்த்தேன், போகவில்லை. போனை நிறுத்தினேன், வெளிச்சம் நிற்கவில்லை. என் தோளில் கிடந்த பிள்ளை "இப்ப, இப்ப, இப்ப" என்று சொல்லத் தொடங்கினாள், ஒவ்வொரு தடவையும் உடம்பு ஒரு பஞ்சுமூட்டைபோல இலேசாகிக்கொண்டே போனது. நான் சொல்வதைக் கேளுங்கள், தாய்க்குத் தன் பிள்ளையின் பாரம் தெரியாதா?

அந்த நேரத்தில் அந்த மனுசன் என்ன செய்தார் தெரியுமா? கையை நீட்டிப் பொத்தானை அமத்தினார். பிள்ளை மூச்சுக்குத் திணறுகிறாள், மெசின் பாட்டுப் பாடிக் காசை அள்ளிக் காட்டுகிறது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன், பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஆள்தானே வேண்டும், இந்தா எடு என்று சுதனுடைய பெயரை அடித்தேன். 'இவரிடம் ஒன்றும் இல்லை' என்று வந்தது. சத்தியமாக அப்படித்தான் வந்தது. பிறகு என்னுடைய பெயரை அடித்தேன். பெயர் மட்டும்தான் அடித்தேன். மற்ற இடங்கள் தாமாகவே நிரம்பின, நாள், நேரம், எனக்கே தெரியாத என் நட்சத்திரம். சரி என்பதை அமத்தினேன். லியா சட்டென்று தலையை நிமிர்த்திக் கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். திரை கறுத்துப்போனது. போனை நிலத்தில் போட்டு, என் ஸ்னோ பூட்ஸ் குதிக்காலால் அது தூளாகும்வரை மிதித்தேன், வெயிட்ரஸ் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே மன்னாருக்குப் போன் எடுத்து, நான் பிறந்த நேரம் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். திரையில் இருந்ததையே நிமிடம் பிசகாமல் சொன்னா. "ஏன் பிள்ளை, வேதக்காரருக்கு உது என்னத்துக்கு?" என்று என்னைத்தான் திருப்பிக் கேட்டா.

நான் பிள்ளையோடு கர்க்லாண்டில் அக்கா வீட்டு பேஸ்மெண்டுக்கு வந்துவிட்டேன். லியா நன்றாக இருக்கிறாள், சாப்பிடுகிறாள், கன்னம் வைத்துவிட்டது, அந்தச் சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை. சுதன் இரண்டு முறை வந்து கதவைத் தட்டினார், அக்காவின் மனுசன் பார்த்துக்கொண்டார். அப்படியென்றால் எல்லாம் முடிந்ததுதானே என்று நீங்கள் நினைப்பீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வேலை செய்வது ஒரு வெயர்ஹவுஸில், பெட்டி அடைக்கிற மேசையில். எனக்கு எதிரே ஜில் என்று ஒரு கிழவன், கியூபெக்காரன், ஊரில் உள்ள அத்தனை பேரையும் திட்டுவான், என் பெயரை ஒருநாளாவது ஒழுங்காகச் சொன்னதில்லை. ஒருநாள் காலையில் எனக்குக் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து வைத்தான். எதற்கு என்றேன். 'இப்பா' என்றால் என்ன என்று கேட்டான். நீ பெட்டி அடைக்கும்போது குனிந்தபடியே சொல்கிறாய், முதலில் எனக்கு எரிச்சலாக இருந்தது, ஒருநாள் நீ சொன்ன நேரத்தில் எதிரே இருக்கிற பாருக்குப் போய் மெசினில் இருந்தேன், அன்றைக்கு அது கொடுத்தது, அதற்குப் பிறகு ஒருநாளும் பிழைக்கவில்லை என்றான். நான் அப்படி ஒன்றும் சொல்வதில்லை என்றேன். சிரித்தான்.

கோப்பியைக் குப்பையில் கொட்டினேன், அடுத்த நாளும் கொண்டுவந்தான். சுப்பர்வைசரிடம் முறையிட்டேன், கோப்பி கொடுப்பது குற்றமா என்று கேட்டான். வேலையை விட்டால் பிள்ளைக்குச் சாப்பாடு யார் கொடுப்பது? பஸ்ஸில் ஏறினால் நித்திரையாகி இறங்குமிடம் தாண்டிப் போய்விடுகிறேன், உடுப்பெல்லாம் தொளதொள என்று ஆகிவிட்டது, அக்கா பார்க்கும்போதெல்லாம் சாப்பிடு சாப்பிடு என்கிறா.

நேற்று ஜில் தனியாக வரவில்லை. பெட்டி ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர், அவர்களுக்குப் பின்னால் அந்தச் சுப்பர்வைசரும். மேசையைச் சுற்றி நின்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் இரண்டு கையாலும் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன், பல்லைக் கடித்துக்கொண்டேன், மூச்சைக்கூட விடவில்லை. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒன்றாகத் தலையாட்டி, "மெர்சி" என்று எனக்கு நன்றி சொல்லிவிட்டு, ஜாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு எதிரே இருக்கிற பாருக்குப் போனார்கள்.