அன்னாசிப்பழ லுங்கி

துபாய் அல் கூஸ் லேபர் கேம்பில் என் ரூம்மேட் நாகமாணிக்கம். இருவருக்குமே வில்லாக்களில் வால்பேப்பர் ஒட்டும் வேலை. வெள்ளையும் சாம்பலுமாக ஒட்டி ஒட்டிக் கண் செத்துப்போனதாலோ என்னவோ, அவன் கட்டுவது கிளிப்பச்சையில் பெரிய பெரிய ஆரஞ்சு அன்னாசிப்பழம் போட்ட லுங்கி. "டிராஃபிக் சிக்னலைக் கட்டிக்கிட்டு என் முன்னாடி வராதடா" என்று நான் கத்தாத நாளில்லை.

போன மாதம் ஓர் அரபி மேடம் வீட்டில் டியூட்டி. கேட்லாக்கில் எதைக் காட்டினாலும் "மாஃபி, மாஃபி" என்று உதட்டைப் பிதுக்கினார். அந்த நேரம் பார்த்து நாகமாணிக்கத்தின் பேண்ட்டில் பசை வாளி கவிழ்ந்தது. பையிலிருந்த லுங்கிக்கு மாறினான். மேடம் பார்த்துவிட்டு வீடே அதிரக் கூவினார்.

சூப்பர்வைசர் சதக்கத்துல்லா அண்ணன் ஓடிவந்தார். "தம்பி, மேடத்துக்கு ஒன் கைலி வேணுமாம்! ஜல்தி கழட்டு!"

"உயிரே போனாலும் கழட்ட மாட்டேண்ணே!" இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினான்.

சுவருக்கு அந்த டிசைன்தான் வேண்டும் என்று புரியவைப்பதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. லுங்கி பிரிண்டிங் கடைக்குப் போனது. பசை காய்ந்து அட்டையாகிவிட்ட பேண்ட்டில் முழங்காலை மடக்க முடியாமல், நாகமாணிக்கம் கேம்ப் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தான்.

நேற்று மேடம் வீட்டு ஹால் முழுக்க அன்னாசி ஒட்டி முடித்தோம். சும்மா சொல்லக்கூடாது, அள்ளுது! திரும்பி வந்த லுங்கியை நெஞ்சுவரை ஏற்றிக் கட்டி, அந்தச் சுவரிலேயே சாய்ந்து, நாகமாணிக்கம் ஊரிலிருக்கும் மனைவி ஜோதிமணிக்கு வீடியோ கால் போட்டான்.

"ஐயோ, ஏங்க! தல மட்டும் அந்தரத்துல நிக்குது, உடம்ப எங்கங்க வெச்சீங்க?"