ஒரு லெஃப்ட் கார்னரைப் பார்க்கப் போனேன்

கபடி டீமுக்கு ஆள் தேடிக் கொடுப்பது என் பிழைப்பு. இதில் கண் கூர்மையாக இருந்தால் மட்டும் போதாது, பயத்தைத் தாங்குகிற வயிறும் வேண்டும். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தவர்கள், மச்சானை வேலைக்குச் சிபாரிசு செய்தவர்கள், சிநேகிதனுக்கு வீட்டு மனை காட்டிவிட்டவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். கை காட்டியாகிவிட்டது. இனிமேல் எது நடந்தாலும் பேச்சு நம் வீட்டு வாசலுக்குத்தான் வரும்.

நானும் ஒரு காலத்தில் ஆடியவன். முழங்கால் போன பிறகு, டீவியில் காட்டுகிற பெரிய போட்டியில் ஆடும் ஒரு டீமுக்காக, வில்லியனூரில் இருந்துகொண்டு சுற்றுவட்டாரக் கல்லூரிப் பையன்களைப் பார்த்துச் சொல்கிறேன். பாடிப் போகிற ரைடரைப் பார்ப்பது சுலபம். அவன் எடுக்கிற பாயின்ட் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். பிடிக்கிறவனை எடை போடுவதில்தான் உயிர் போகும். அப்படி ஒருவனால் நான் பட்ட பாடு இது.

சும்மா நிற்கிறவன்

ஏழுமலை கடைசி வருஷம் பி.காம். படித்துக்கொண்டிருந்தான். லெஃப்ட் கார்னர். அதாவது, கைகோத்து நிற்கிற வரிசையின் இடது கோடியில் நின்று, உள்ளே வருகிறவனின் கணுக்காலைப் பிடித்துப் படுக்கவைக்கிற வேலை. யாரோ சொன்னதைக் கேட்டு, "பையன் பிரமாதம்" என்று டீம் மேனேஜரிடம் போனில் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டுத்தான் மதகடிப்பட்டுப் பக்கம் நடந்த கல்லூரிப் போட்டிக்குப் போனேன். போய் உட்கார்ந்தால், முதல் பாதி முழுக்க அவன் சும்மா நிற்கிறான். ஒருவனையும் பிடிக்கவில்லை. ஒருவனும் அவனிடம் சிக்கவுமில்லை. மேனேஜர் சீக்கிரமே நேரில் வந்து பார்க்கிறேன் என்று வேறு சொல்லியிருந்தார்.

இடைவேளையில் குழாயடிக்குப் போனேன். எதிர் டீம் ரைடர் தலையை நனைத்துக்கொண்டிருந்தான். நல்ல வேகமான பையன். ஆனால் ஒவ்வொரு தடவையும் வலதுபக்க கார்னரிடமே போய்ப் போய்த் திரும்பினான். "ஏன்பா, லெஃப்ட் கார்னர் பக்கமே போவல?" என்றேன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட ஏழுமலையை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். முகத்தில் இருந்தது மரியாதை இல்லை, பயம்.

"அங்க கால வச்சா கால் திரும்பி வராதுண்ணா, ஆளும் அங்கயே தங்கிடணும்."

பாகூரில் சிக்கினேன்

அடுத்த ஞாயிறு பாகூர்ப் பக்கம் ஓர் ஊரில் ஆட்டம். ஏழுமலை அவன் ஊரான ஏம்பலம் டீமுக்கு ஆடினான். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. சொன்னால் எல்லாரும் எனக்காக ஆட ஆரம்பித்துவிடுவார்கள். கூட்டத்தோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளூர் டீம் தோற்கிற நிலைக்கு வந்ததும் கூட்டத்தின் பார்வை என் பக்கம் திரும்பியது. வெள்ளைச் சட்டை, பாண்ட், கையில் போன், யாருக்கும் தெரியாத ஆள். சுற்றி வளைத்துவிட்டார்கள். "யோவ், எவன் அனுப்புனான் உன்ன? எங்க பசங்க எப்டி புடிக்கிறாங்கன்னு படம் எடுக்கிறியா?" என்று ஒருவன் காலரைப் பிடித்தான். முழங்கால் நன்றாக இருந்த காலத்தில்கூட இந்தக் கூட்டத்தைத் தாண்டி ஓடியிருக்க முடியாது.

போனைப் பிடுங்கி ஓட்டிப் பார்த்தார்கள். பிடிக்கிறவனைப் பார்க்கிற எங்களுக்கு அவன் முகம் தேவையில்லை. இடுப்பு எவ்வளவு தாழ்கிறது, எந்தக் கால் முதலில் நகருகிறது, விழுந்தவன் எப்படி எழுந்திருக்கிறான், அவ்வளவுதான். அதனால் படம் முழுக்க ஒரே ஆளின் இடுப்பும் காலும். சட்டையைப் பிடித்திருந்த பிடி தளர்ந்தது. போன் என் கைக்கு வந்தது. சுற்றி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நான் மட்டும் சிரிக்கவில்லை.

"வுட்டுடுங்கடா, இன்னா கேஸுன்னே தெரில, ஒரு மூஞ்சிகூட எடுக்காம வெறும் இடுப்பா எடுத்து வச்சிருக்கான்!"

உதறிய கை

பாகூர் பஸ் நிறுத்தத்தில் டீ வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த பஸ் வருகிறவரை அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிடி அற்புதம். ஆனால் ஒரு ரைடரைத் தோளால் மோதி வெளியே தள்ளியபின் எழுந்த ஏழுமலை, வலது கையைத் தொங்கவிட்டு, ஈரக்கையை உதறுகிற மாதிரி உதறினான். அடுத்த மோதலுக்குப் பிறகும் அதே. அதற்கடுத்ததற்கும். டீ ஆறிப்போனது. எங்கள் பழைய டீமில் என் பக்கத்தில் நின்று ஆடியவன் ஒருவனும் இப்படித்தான் உதறிக்கொண்டிருந்தான். "சுளுக்குப்பா" என்பான். ஒரு நாள் கழுத்து மடங்கி விழுந்தான். இன்றைக்கு அவனுக்கு அவன் மனைவிதான் சோறு ஊட்டுகிறாள்.

மறுநாள் கல்லூரி வாசலில் ஏழுமலையைப் பிடித்து, யாரென்று சொல்லிவிட்டு நேராகக் கேட்டேன். டீமின் பெயரைக் கேட்டதும் மலர்ந்த முகம் கையைப் பற்றிக் கேட்டதும் சுருங்கியது. கழுத்திலிருந்து விரல் நுனிவரை கரண்ட் அடித்த மாதிரி இழுக்குமாம்; கொஞ்ச நேரம் மரத்துப்போய் தானாகச் சரியாகிவிடுமாம். மைதானத்தில் யாருக்கும் பயப்படாதவன் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"வெளிய சொல்லிடாதீங்கண்ணா, இந்த வருஷம் வுட்டா அப்புறம் எவன் என்னைக் கூப்புடுவான்?"

ஏம்பலத்தில் ஒரு டம்ளர் காபி

சொல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் இரண்டு மூன்று நாள் திரிந்தேன். மேனேஜர் போன் செய்து, "உடம்பு எப்படி? அடி கிடி ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டபோது, சிக்னல் சரியில்லை என்று கட் செய்தேன். பிறகு ஏம்பலத்துக்கு வண்டியை விட்டேன். ஏழுமலையின் அப்பா கரும்பு வெட்டுக்குப் போயிருந்தார். அம்மா காபி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார். நான் பிள்ளையை அழைத்துப்போக வந்திருக்கிறேன் என்றே நினைத்திருக்கிறார். கதவோரம் நின்ற ஏழுமலை, சொல்லாதீர்கள் என்று கண்ணால் கெஞ்சினான்.

காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தேன். அம்மா அதைக் கவனிக்கவில்லை. அவர் மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனுக்கு ஆட்டமெல்லாம் தெரியாது சார், எப்டி கூட்டினு போறீங்களோ அப்டியே கொண்டாந்து வூட்ல வுட்டுடுங்க."

மணிக்கட்டு

அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை, அங்கேயே சொல்லிவிட்டேன். அடுத்த நாள் காலை மூன்று பேருமாகப் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன் அறையின் குழாய் மாதிரியான மெஷினைப் பார்த்ததும் ஏழுமலை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவன் பிடி எப்படிப்பட்டது என்று அன்றைக்குத்தான் நேரடியாகத் தெரிந்தது. நர்ஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். உள்ளே மெஷின் தடதடவென்று இரைந்த நேரமெல்லாம் அம்மாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

டாக்டர் அம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி நிதானமாகச் சொன்னார். கழுத்தில் ஒரு வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இதோடு ஆடி, இன்னும் ஒரு பலமான அடி பட்டால் கை கால் வராமல் போகலாம். முதலில் வைத்தியம், விளையாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். "ஒரே நேரத்துல எத்தனை பேர் இவர் மேல விழுவாங்க?" என்று கேட்டார். "எல்லாரும் விழுவாங்க மேடம், அதான் ஆட்டமே" என்றேன் நான். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"இதைப் பார்க்கறதுக்கா நீங்க ஊர் ஊரா போறீங்க?"

பெட்டிக்கடையில்

மேனேஜரிடம் "இந்த வருஷம் வேண்டாம்" என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். வைத்தியம் முடியட்டும், பார்க்கலாம் என்றார். ஏழுமலைக்கு ஆபரேஷன் நடந்தது. கழுத்தில் பட்டையோடு வீட்டில் கிடந்தான். போய்ப் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மதகடிப்பட்டில் பெட்டிக்கடையில் நின்றால், நல்லா ஆடின பையனைப் படுக்கவைத்த ஆள் என்று காதுபடவே பேசினார்கள். டாக்டர் அம்மா சொன்னதை நான் நம்பினேன். ஆனாலும் அந்தக் கை திரும்ப வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒரு நாள் நான் கிளம்பும்போது அவன் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"நீங்க அன்னிக்கி வேற எவன் இடுப்பையாவது எடுத்திருக்கலாம்ண்ணா."

டிரையல்

கை சரியானது. மரப்பு போனது. மாதக்கணக்கில் பயிற்சி, அதன்பின் மறுபடி ஸ்கேன். ஆடலாம் என்று டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த அன்றைக்கு அவனே எனக்குப் போன் செய்தான். அடுத்த சீசன் டிரையலுக்கு மேனேஜர் வந்திருந்தார். ஏழுமலை லெஃப்ட் கார்னரில் நின்றான். மற்ற எல்லாரும் அவன் பிடிப்பதைப் பார்க்க வந்தவர்கள். நான் மட்டும் அவனைத் தேடி ஒருவனும் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

முதல் ரைடிலேயே ஒருவன் போனான். ஏழுமலை கணுக்காலைப் பிடித்தான், ரைடர் துள்ளினான், மற்றவர்கள் மொத்தமாக மேலே சரிந்தார்கள். அடியில் அவன் தலை எங்கே, கால் எங்கே என்று தெரியவில்லை. விசில் ஊதியும் குவியல் கலையச் சற்று நேரம் பிடித்தது. ஒவ்வொருவனாக எழுந்தான். கடைசியாக ஏழுமலை எழுந்து, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, பாயின்ட் கேட்டு ரெஃபரியிடம் கத்தினான். அப்போதுதான் பக்கத்தில் இருந்த மேனேஜரின் தொடையை நான் கெட்டியாகப் பிடித்திருப்பது எனக்குத் தெரிந்தது.

"அவனை எடுத்துக்கிறேன்யா, முதல்ல நீ என் காலை விடு."

ஆகமொத்தம், ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற நான், டீவியில் அவன் ஆட்டம் வந்தால் மட்டும் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு, முடிந்ததா என்று என் மனைவியிடம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.