இசக்கிமுத்துவுக்கு நான் ஜெயித்துக் கொடுத்த கேஸ்

குற்றம் செய்தவருக்காக வாதாடுவதுதான் கிரிமினல் வக்கீலுக்குக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு இந்தத் தொழிலுக்கு வந்தேன்; குற்றமே செய்யாத ஒருவர் கட்சிக்காரராக வந்து சேர்ந்தால் தூக்கம் போய்விடும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மும்பை செம்பூரில் வீடு, மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் பிழைப்பு. வழிவழியாக ஆபீஸ் ஃபைல் பார்த்து ரிடையர் ஆன குடும்பத்தில், திருடர்களுக்காகக் கறுப்புக் கோட்டு மாட்டிய முதல் பெண் நான். கல்யாண வீடுகளில் மாமிகள் என்னை "லாயரா இருக்கா" என்று மட்டும் அறிமுகம் செய்வார்கள். கிரிமினல் என்ற வார்த்தையைப் பாயசத்தோடு விழுங்கிவிடுவார்கள். உங்களில் யாராவது ஒரே ஒரு வாய்தாவுக்காகவாவது கோர்ட் வராந்தாவில் கால் கடுக்க நின்றிருந்தால், நீங்களும் நம்ம கட்சிதான். நான் சொல்லப்போவது உங்களுக்குப் புதிதாக இருக்காது. மற்றவர்கள் நான் மிகைப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும், எனக்குப் பழக்கம்தான்.

பரணில் குடியிருப்பவர்

மாட்டுங்காவில் ஆபீஸிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஒரு அம்மாவின் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். பைக் நம்பரை வைத்து தாராவியில் ராஜு என்பவனைப் பிடித்தார்கள். பைக்கை ஓட்டியது அவன்தான், அதில் சந்தேகமில்லை. பின்னால் உட்கார்ந்து சங்கிலியைப் பறித்தவன் யார்? போலீஸ் வந்தபோது ராஜுவின் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த இசக்கிமுத்து. கேஸ் முடிந்தது, டீயும் ஆறியிருக்காது.

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை, படுக்கை அதே பட்டறையின் பரணில். ஜாமீன் கேட்டேன். நிரந்தர விலாசம் இல்லை, வெளியே விட்டால் ஓடிவிடுவார் என்றார் அரசு வக்கீல். என் ஆள்தான் என்று எழுதிக்கொடுக்கச் சொல்லிப் பட்டறை முதலாளியைக் கேட்கலாமென்று கூப்பிட்டால், அவர் போனையே எடுக்கவில்லை. மாஜிஸ்ட்ரேட் மறுத்தார், செஷன்ஸ் கோர்ட்டும் மறுத்தது. மறுத்த காரணத்தைத் தமிழில் எடுத்துச் சொன்னபோது இசக்கி நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "பரண்ல படுக்கவன் எங்க மேடம் ஓடுவான்? கீழ எறங்கவே ஏணி வேணும்லா?"

டீவியில் தம்பி

அடுத்து வந்த வாய்தாக்களில் பாதிக்கு மேல் இசக்கியைக் கோர்ட்டுக்கே கூட்டிவரவில்லை. காவலுக்கு வர போலீஸ் இல்லையாம். அதற்குப் பதிலாக ஜெயிலிலிருந்து வீடியோவில் காட்டுவார்கள். சுவரில் ஒரு டீவி, அதில் பெஞ்சில் வரிசையாகச் சில பேர். பேர் கூப்பிட்டதும் ஒருவர் கையைத் தூக்குவார். அடுத்த தேதி. அவ்வளவுதான். கையைத் தூக்கியவர் நம் ஆள்தானா என்று கூர்ந்து பார்ப்பதற்குள் திரை அடுத்த கேஸுக்குத் தாவிவிடும்.

இசக்கியின் அக்கா பேச்சியம்மாள் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்பவர். என்னைத் தேடிப்பிடித்துக் கேஸைக் கொடுத்தவர் அவர்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் லீவு போட்டு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு டீவிக்கு நேராக நிற்பார். ஒருநாள் இசக்கி என்னவோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. நான் கிளார்க்கிடம் ஹிந்தியில் சண்டைக்குப் போனேன். பேச்சியம்மாள் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "சத்தம் வராட்டா போவுது வக்கீலம்மா. அவன கொஞ்சம் எந்திச்சு நிக்கச் சொல்லுங்க, மெலிஞ்சிட்டானான்னு பாத்துக்கிடுதேன்."

ராஜு வீட்டுக்குப் போனான்

எங்கள் கோர்ட்டில் ஒரு குறுக்கு வழி உண்டு. விசாரணையே தொடங்காமல் ஆள் உள்ளே கிடப்பான். ஒரு கட்டத்தில், "செய்தேன், மன்னித்துவிடுங்கள்" என்று சொன்னால், இதுவரை இருந்ததே தண்டனை என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ராஜு அப்படித்தான் சொன்னான். அன்றைக்கே அவன் கேஸ் முடிந்தது.

படிக்கட்டில் அவனை மறித்து நிறுத்தினேன். பின்னால் உட்கார்ந்திருந்தவன் இசக்கி இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அப்படியானால் வேறு யார் என்று கேட்பார்கள், சொந்த மச்சானை எப்படிக் காட்டிக்கொடுப்பது என்றான். அவன் மேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் அச்சில் ஏறாது. அவனோ சாவகாசமாகச் சொன்னான்: "டென்ஷன் ஆகாதீங்க மேடம். நான் செஞ்சேன், கர் போறேன், வீட்டுக்கு. அவன் செய்யல, உள்ள கிடக்கான். யாருக்கு அக்கல் இருக்கு, யாருக்கு மூளை இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

குறுக்கு வழியைச் சொன்னேன்

ராஜு சொன்னதில் சட்டப்படி ஒரு தப்பும் இல்லை என்பதுதான் என்னைத் தின்றது. அதனால் ஜெயிலுக்குப் போய், இசக்கியிடம் அந்தக் குறுக்கு வழியை எடுத்துச் சொன்னேன். சொல்லவேண்டியது வக்கீலின் கடமை. அடுத்த வாய்தாவிலேயே வெளியே வந்துவிடலாம். ஆனால் சங்கிலி பறித்தவர் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். இரண்டையும் சொன்னேன். யோசித்துச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

அவர் யோசிக்கவே இல்லை. அன்றைக்கு அவரைப் பார்க்க எனக்குப் பெருமையாகவும் இருந்தது, ஓங்கி ஒரு அறை விடலாம் போலவும் இருந்தது. "களவாணிப் பயன்னு பேர வாங்கிட்டு எந்த மூஞ்சியோட மேடம் ஊருக்குப் போவேன்? நீங்க நடத்துங்க. நான் இருந்துக்கிடுதேன்."

சாட்சி

விசாரணை தொடங்கியது. சங்கிலியைப் பறிகொடுத்த அம்மா வந்து அடையாளம் காட்டவேண்டும். சம்மன் போகும், வீடு பூட்டியிருந்தது என்று திரும்பி வரும். ஆபீஸ் போகிறவர் வீடு ஆபீஸ் நேரத்தில் பூட்டித்தானே இருக்கும்? இதை நான் கோர்ட்டில் எத்தனை விதமாகச் சொன்னேனோ அத்தனை விதமாகவும் பூட்டியே இருந்தது. மழைக்காலம் வந்து போனது, மறுபடியும் வந்தது.

கடைசியில் ஒருநாள் வந்தார். கூண்டில் ஏறி, இசக்கியைப் பார்த்து, இவர் இல்லை என்று ஹிந்தியில் பளிச்சென்று சொல்லிவிட்டார். அரசு வக்கீல் மாற்றி மாற்றிக் கேட்டும் அசையவில்லை. எனக்குக் குறுக்கு விசாரணை செய்யவே ஒன்றும் இல்லை. எல்லாம் முடிந்து வராந்தாவுக்கு வந்ததும் என் பேச்சை வைத்து நான் தமிழ் என்று கண்டுகொண்டார்; அவரும் தமிழ்தான். "பின்னாடி இருந்தவன் நெட்டையா இருந்தான், இந்தப் பையன் இல்லைன்னு ஸ்டேஷன்ல அன்னிக்கே சொன்னேனேம்மா. யாரும் காதுல போட்டுக்கலை. அப்படிச் சொல்லியுமா இத்தனை நாளும் இவனை உள்ளேயே வெச்சிருந்தேள்?"

விடுதலை

தீர்ப்பை வாசித்து முடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நிரபராதி, விடுதலை. இசக்கி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அனுபவித்திருக்கக்கூடிய தண்டனையைப்போல் பல மடங்கு அதற்குள் அனுபவித்து முடித்திருந்தார். பேச்சியம்மாள் என் காலில் விழப்போனார். பிடித்து நிறுத்தினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஹார்பர் லைன் ரயிலில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செம்பூர் வரை அழுதேன். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

பழைய பட்டறையில் அவருடைய மிஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டார். வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஊருக்கு ஒருமுறை போய்விட்டு உடனே திரும்பிவிட்டார். ஏன் என்று பேச்சியம்மாளிடம் கேட்டேன். நிரபராதி என்ற தீர்ப்பு மும்பையிலேயே நின்றுவிட்டது, ஜெயில் என்ற செய்தி மட்டும் முன்னாலேயே ஊர் போய்ச் சேர்ந்துவிட்டது. தாராவியிலும் அதே கதைதான். "எங்க சந்துல மூணு இசக்கி இருக்காவ வக்கீலம்மா. அடையாளத்துக்கு இவன ஜெயில் இசக்கின்னு கூப்பிடுதாவ."

புதுக் கேஸ்

போன மாதம் கோர்ட் வாசலில் யாரோ "மேடம்" என்று கூப்பிட்டார்கள். திரும்பினால் இசக்கி. சந்தோஷத்தில் கையைப் பிடித்துக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தேன். புதுப் பட்டறையில் பக்கத்து மிஷினில் தைப்பவரை முந்தாநாள் போலீஸ் பிடித்துவிட்டதாம். போன் திருட்டு. திருட்டு நடந்தபோது அவர் தன் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார் என்றார்.

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இதைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும், நீங்கள் கூண்டேறி இதையே சொல்லுங்கள், கேஸை உடைத்துவிடலாம் என்று மூச்சுவிடாமல் பேசினேன். இசக்கி டீயைக் கடைசிவரை குடித்தார். கிளாஸைக் கீழே வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "அவன் செய்யல மேடம், எனக்கு நல்லாத் தெரியும். அவனுக்கு சின்னப் பிள்ளையள் ரெண்டு இருக்கு. செஞ்சேன்னு சட்டுனு ஒத்துக்கிடச் சொல்லிருங்க."

ஜெயித்த கேஸ்தான் வக்கீலுக்கு விளம்பரம் என்பார்கள். என் விளம்பரத்தைப் பார்த்து வந்தவர், அடுத்த கேஸைச் சீக்கிரமாகத் தோற்றுக் கொடுக்கச் சொல்லி வந்தார்.