சுத்தமான வாய்க்கு ஒரு சிகரெட்

ராஜபாளையத்தில் நான் போகும் பல் கிளினிக்குக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரும் வருவார். ரிட்டையர்டு போலீஸ்காரர். வெள்ளை மீசையின் நடுவில் மட்டும் புகை படிந்த மஞ்சள். சொன்ன தேதிக்கு வராமல் இருந்ததே இல்லை என்று காத்திருப்பவர்களிடம் மார்தட்டிக்கொள்வார். பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வெளியே வந்ததும், எதிர்ப் பெட்டிக்கடையில் சிகரெட் பற்றவைப்பார். பெருக்கிய வாசலிலேயே குப்பை கொட்டுகிற புத்தி.

"டாக்டர் சிகரெட் குடிக்கக் கூடாதுன்னாரே சார்?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வாய் சுத்தமா இருக்கையிலதான் தம்பி ருசி. அதுக்குத்தான க்ளீனிங்குக்கே வாரேன்!"

கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாக ஆடி விழுந்தன. பழி டாக்டர் மேல். "நான் ஒழுங்கா வாரேன். இவரு என்னத்த வைத்தியம் பாக்காரு?"

போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். முன்பல்லும் போயிருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். அந்த ஓட்டையில் சிகரெட்டைச் செருகி, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா? கையே வேண்டாம். கச்சிதமா நிக்குது."

நான் பஸ் ஏறும்போது பின்னாலிருந்து அதட்டினார்.

"தம்பி, அடுத்த வாரம் க்ளீனிங். வராம இருந்துராதீங்க. பல்லு போயிரும்!"