கோடாலி இரண்டாம் பாகம் பற்றிக் கண்ணாயிரம் எழுதியது

செய்தி வந்தபோது மணி மூன்று பத்து. மின்வெட்டு நேரம். பே கோபுரத் தெருவில் தன்னுடைய கம்ப்யூட்டர் விளையாட்டுக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஒரு சிடி அட்டையால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் முருகவேல். பேட்டரியும் தீர்ந்து ஆறு கம்ப்யூட்டர்களும் இருண்டு கிடந்தன. முந்தின நாள் ஐப்பசிப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டம் போட்டுவிட்டுப் போன தண்ணீர்ப் பாக்கெட்டுகளை நகராட்சி ஆட்கள் இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தாள் சந்திரம்மாள். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் அறைகளைப் பெருக்கித் துடைக்கிறவள். இந்தக் கடைக்கு அதுவரை அவள் வந்ததில்லை.

"தம்பி, கண்ணாயிரம் செத்துப்பூட்டாருப்பா."

விசிறின கை நின்றது.

"விடிய அஞ்சு மணிக்கு. மாடிப்படியில உக்காந்தவரு, எழுந்திருக்கவே இல்ல. ராத்திரி பூரா ரூம் ரூமா தண்ணி தூக்கினாரு. டாக்டரு வந்து பாத்துட்டு ஹார்ட்டுன்னுட்டாரு. தங்கச்சி வந்து கீழ்பென்னாத்தூருக்கு எடுத்துட்டுப் போயிடுச்சு. சாயந்திரம் அஞ்சு மணிக்கு எடுக்கறாங்களாம்." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உங்கிட்ட சொல்லணும்னு ஒருத்தருக்கும் தோணல. அவரு படுக்கற மாடிப்படிக்குக் கீழ தரையத் தொடைக்கும்போதுதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு."

திரும்பிக் குனிந்து வெளியே போனவள், பாதி ஷட்டருக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்: "அந்த ஃபாரின்காரங்களுக்கும் நீதாம்பா சொல்லணும். எங்களுக்கு இங்கிலீசு எங்க தெரியுது?"

கண்ணாயிரம் அந்த லாட்ஜில் பதினாறு வருஷம் ரூம் பையனாக இருந்தார். வயது நாற்பத்து நான்கு ஆகியும் அந்த வேலைக்குப் பெயர் அதுதான். மணி அடித்ததும் ஓடுவார், வெந்நீர் கொண்டுபோவார், டிபன் வாங்கி வருவார், கதவைத் தட்டிக் காத்திருப்பார். நாற்பது கதவுகளைத் தட்டுகிறவருக்குச் சொந்தமாக ஒரு கதவு இல்லை. மாடிப்படிக்கு அடியில் பழைய படுக்கை விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டு, அதற்குப் பின்னால் படுப்பார். துண்டு வேண்டுமென்றாலும் சோப்பு வேண்டுமென்றாலும் யாராவது அந்த விரிப்பை விலக்கிவிட்டுத்தான் கேட்பார்கள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால், மெயில் அனுப்ப இடம் கேட்ட ஒரு விருந்தாளிக்கு வழி காட்டிக்கொண்டு முதல்முறை கடைக்கு வந்தார். விருந்தாளி மெயில் அனுப்பி முடிக்கும்வரை, பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஒரு கல்லூரி மாணவன் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாழடைந்த பெரிய பங்களா. உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன். அவனைத் தேடிக் கோடாலியோடு அலையும் இன்னொருவன். ஆட்டத்துக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருந்தது. கடையில் எல்லோருக்கும் அது 'கோடாலி'தான்.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கண்ணாயிரம் தனியாக வந்தார். "தம்பி, அந்தக் கோடாலிய நான் கொஞ்சம் ஆடிப் பாக்கலாமா?"

இரண்டிலிருந்து நான்குவரை லாட்ஜே தூங்கும் நேரம். அதன்பிறகு பௌர்ணமி நாட்களைத் தவிர ஒரு மதியம்கூட அவர் தவறியதில்லை. மவுஸைப் பிடிக்கப் பழகவே ஒரு மாதம் ஆனது. மற்றவர்கள் மூன்று நாளில் முடித்த ஆட்டத்தை முடிக்க அவருக்குப் பதினோரு மாதம் ஆனது. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். பாதி நேரம் ஒரு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நிற்பார். கோடாலிக்காரனின் காலடிச் சத்தம் வந்து, நின்று, போகும்.

"அண்ணே, உங்க லாட்ஜுல பேய் கம்மியா?" என்று காசி கேட்பான். கல்லூரி மாணவர்களில் அவன்தான் வாயாடி. "இங்க வந்து தேடறீங்களே."

"அங்க இருக்கறது எல்லாம் டிப்ஸ் குடுக்காத பேயிடா. இது பரவால்ல."

கடையில் ஒரு பழக்கம் உண்டு. அதைத் தொடங்கி வைத்தவரும் கண்ணாயிரம்தான். லாட்ஜில் புது மாதிரிப் பதிவேடு அச்சடித்தபோது, வீணாகிப்போன பழைய பதிவேடு ஒன்றை அவர் கொண்டுவந்து கொடுத்தார். ஆடி முடித்தவர்கள் அதில் ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டும். பெயர், ஊர், வந்த நேரம், காலி செய்த நேரம், வந்த நோக்கம் என்று கட்டங்கள் இருக்கும். பையன்கள் கருத்தையெல்லாம் 'வந்த நோக்கம்' கட்டத்துக்குள் எழுதுவார்கள்.

கோடாலியின் இரண்டாம் பாகம் வந்த மாதம் அந்தக் கட்டம் போதவில்லை. 'ரத்தம் தெறிக்கிறது ஸ்கிரீனிலேயே ஒட்டிக்கொள்கிறது, செம' என்று ஒருவன். 'முதல் பாகம் தூக்கம், இது அடிதடி' என்று இன்னொருவன். 'தலை தனியாக உருளும் இடத்தை மூன்று தடவை பார்த்தேன், பத்துக்குப் பத்து' என்று காசி. 'கிராபிக்ஸ் ஓகே, கதை மொக்கை' என்று எழுதியவன் பெயர் போடவில்லை.

கண்ணாயிரம் இரண்டாம் பாகத்தை ஒன்பதே நாளில் முடித்தார். பிறகு பதிவேட்டைக் கேட்டு வாங்கி, பின்பக்கத்திலிருந்து திருப்பி, கட்டங்களின் மேலேயே குறுக்காக இரண்டு பக்கம் எழுதினார்.

'முதல் பாகத்தில் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அவன் வெளியே நிற்பான், நான் உள்ளே நிற்பேன். நடுவில் ஒரு பலகை இருக்கும். அந்தப் பலகைக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் பயம் என்றால் என்ன என்று தெரியும். இரண்டாம் பாகத்தில் எல்லாக் கதவையும் உடைக்கிறான். ஒளிய இடம் இல்லாதபோது பயப்பட நேரமும் இல்லை. வெட்டுவது மட்டும்தான் வேலை. ரத்தம் ஜாஸ்தி, பயம் கம்மி. மூன்றாம் பாகம் செய்வதாக இருந்தால் தயவுசெய்து ஒரு கதவையாவது விட்டுவைக்கவும்.'

இரண்டு பக்கத்தின் சாரம் இதுதான். கீழே தன் பெயரையும் ஊரையும் எழுதியிருந்தார்.

"இத அந்த ஆட்டம் பண்ணவங்களுக்குத் தெரியப்படுத்த முடியுமா தம்பி?"

முருகவேல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவன். அந்த ஆட்டத்தைப் பற்றி உலகம் முழுக்க ஆடுகிறவர்கள் எழுதும் ஒரு இணையதளம் இருப்பது அவனுக்குத் தெரியும். "இங்கிலீசுல மாத்தி நான் போடறேன் அண்ணே," என்றான். மனதாரத்தான் சொன்னான்.

மறுநாள் காலை உட்கார்ந்து முழுவதையும் இங்கிலீஷில் அடித்தான். ஒன்றரை மணி நேரம் ஆனது. வாடிக்கையாளர்களின் ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் பேட்டரி இணைப்பு இருந்தது. அவனுடைய மேசையில் இருந்ததற்கு இல்லை. அந்த மாதம் மின்வெட்டு மதியம் இரண்டு மணிக்கு என்று அறிவித்திருந்தார்கள். அதை நம்பி நடுவில் சேமிக்காமலே அடித்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டு மணிக்கே கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்தபோது எழுதியதில் ஒரு வரிகூட இல்லை.

அன்று மதியம் வந்ததும் வராததுமாகக் கண்ணாயிரம் கேட்டார்: "போட்டுட்டீங்களா?"

"போட்டாச்சு அண்ணே." சாயந்திரமே அடித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்துத்தான் சொன்னான். சாயந்திரம் கடையில் கூட்டம். அதற்கடுத்த நாள் கண்ணாயிரம் பதில் ஏதாவது வந்ததா என்று கேட்டபோது, காசி விழுந்து விழுந்து சிரித்தான்.

"ரூம் பையன் சொன்னதுக்கு வெள்ளக்காரன் பதில் போடுவானா? தமாசு பண்ணாதீங்கண்ணே."

கண்ணாயிரத்தின் முகம் சுருங்கியது. அதைப் பார்த்த முருகவேலின் வாயிலிருந்து தானாக வந்தது: "போட்டிருக்காங்கடா. பிரேசில்லேருந்து ஒருத்தரு. கண்ணாயிரம் சொல்றதுதான் சரின்னு."

அன்று அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாயிரம் பிரேசில்காரருக்குப் பதில் எழுதினார், பதிவேட்டின் பின்பக்கத்திலேயே. அதற்கு ஒரு பதில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் பின்லாந்திலிருந்து ஒரு அம்மா வந்து சேர்ந்தார். முதல் பாகத்தில் தானும் அந்தச் சமையலறைக் கதவுக்குப் பின்னால்தான் நிற்பதாக அவர் சொன்னார். கண்ணாயிரம் அதைக் கேட்டு வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"அவங்க ஊர்லயும் கரண்டு போவுமா தம்பி?"

"எப்பவாவது போவும்னு சொன்னாங்க."

முருகவேலின் அம்மா இறந்து மூன்று வருஷமாகிறது. வீட்டில் தனி ஆள். ஒருவனுக்காக உலையில் அரிசியைப் போட்டுவிட்டு, பின்லாந்து அம்மா நாளைக்கு என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டு நிற்பான். அவரோடு பேசிப் பழகியவன் போலவே ஆகியிருந்தான். நிஜமாகவே கருத்தைப் போட்டுவிடலாம் என்று பலமுறை நினைத்தான். போட்டு, ஒருவரும் பதில் எழுதாவிட்டால்? அந்த நினைப்பு வந்ததும் விட்டுவிடுவான். இப்படியே நான்கு மாதம் ஓடியது.

சந்திரம்மாள் போனதும் கடையைப் பூட்டிவிட்டு அவன் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைப் பிடித்தான். போய்ச் சேர்ந்தபோது பாடையைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்தான். அங்கே யாரையும் அவனுக்குத் தெரியாது. ஆண்கள் சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு, கண்ணாயிரத்தின் தங்கை வெள்ளையம்மாள் அவனைத் தேடி வந்தாள். அழுது அழுது குரல் கட்டியிருந்தது.

"கம்ப்யூட்டர் கடைக்காரரு நீங்கதானே? அண்ணன் வரும்போதெல்லாம் உங்களப் பத்தித்தான் பேசும். எம் பேச்சுக்கு ஃபாரின்ல மதிப்பு இருக்குதும்மான்னு சொல்லும். நாங்க கிண்டல் பண்ணுவோம்."

முருகவேல் சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்தான்.

"அந்த ஃபாரின் அம்மா பேரு கூட ஏதோ சொல்லுச்சு. அவங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாதுங்க. ஏன் பேசலன்னு கோச்சுக்குவாங்க இல்ல?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். ஆனால் அண்ணனைப் பற்றி அவள் பெருமைப்பட அந்த ஒன்றுதான் இருந்தது. "சொல்லிடறேன்மா," என்றான்.

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் பதிவேட்டைப் பின்பக்கத்திலிருந்து புரட்டினான். மொத்தம் ஐந்து பக்கம். முதல் இரண்டு ஆட்டத்தைப் பற்றிய கருத்து. மற்ற மூன்றும் கடிதங்கள். கருத்தை மட்டும் போட்டால் இரண்டு மணி நேரத்தில் இணையதளத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் வெள்ளையம்மாளுக்குச் சொன்ன சொல் கடிதங்களைப் பற்றியது. அவை போய்ச் சேர வேண்டிய ஆட்கள் உலகத்தில் எங்கும் இல்லை. ஐந்து பக்கத்தையும் போடுவது, கடைசியில் இந்தப் பிரேசில்காரரும் பின்லாந்து அம்மாவும் தான் இட்டுக்கட்டியவர்கள் என்று தன் பெயரைப் போட்டு எழுதுவது என்று முடிவு செய்தான். படிக்கிற யாராவது ஒருவர், கதவைப் பற்றி அவர் சொன்னது சரிதான் என்று சொன்னால் போதும்.

ஆட வந்த காசி, மூலையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான். கண்ணாயிரம் வழக்கமாக உட்காரும் இடம். பிறகு வேறொன்றில் போய் உட்கார்ந்தான். சற்று நேரம் கழித்து எழுந்து வந்து, "நான் ஏதாவது அடிச்சுத் தரட்டுமாண்ணா?" என்று கேட்டான். "வேணாண்டா," என்றான் முருகவேல்.

இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் சேமித்துக்கொண்டே அடித்தான். மின்வெட்டில் நிறுத்தி, மாலையில் தொடர்ந்து, அடுத்த நாளும் அடித்தான். நான்கு பக்கம் முடிந்தது. ஐந்தாம் பக்கம் பின்லாந்து அம்மாவுக்கு எழுதிய கடைசிக் கடிதம். பௌர்ணமிக்கு முந்தின நாள் எழுதியது; முருகவேல் அதை அதுவரை படித்திருக்கவில்லை.

'உங்கள் ஊரில் குளிர்காலத்தில் சூரியனே வராது என்று முருகவேல் தம்பி சொன்னார். அத்தனை நாள் இருட்டில் நீங்கள் யாரோடு பேசிக்கொண்டிருப்பீர்கள்?'

நான்கு பக்கமும் முருகவேலின் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன, இணையதளத்தில் இன்னும் ஏற்றப்படாமல். ஐந்தாம் பக்கத்தின் இந்தக் கேள்வி மட்டும் இன்னும் தமிழிலேயே இருக்கிறது.