பீரில் போட்ட தனியா

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசைத் தாண்டி முளைத்திருக்கும் புது நகர்களில் திரௌபதியின் அரவை மில்லைத் தெரியாத வீடு கிடையாது. மிளகாயோ தனியாவோ, எது வந்தாலும் ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோன பிறகுதான் மெஷினைப் போடுவாள். போன வருஷத்துச் சரக்கு என்றால் அரைக்காமலே திருப்பி அனுப்பிவிடுவாள். அப்படித் திரும்பிப் போனவர்கள் கோபப்பட்டாலும், மறுநாள் புதுச் சரக்கோடு வந்து நிற்பார்கள்.

மகள் சிந்துஜாவைப் பெங்களூரில் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளை இனியன் குளிர்பானக் கம்பெனியில் இருப்பதாகத்தான் கல்யாணத்தின்போது சொன்னார்கள். குளிரவைத்துக் குடிக்கிற பானம்தான் என்பதால் அதை முழுப்பொய் என்றும் சொல்ல முடியாது.

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் இனியன் தனியாக மில்லுக்கு வந்தான். துண்டில் சுற்றிய இரண்டு பாட்டில்களைப் பையிலிருந்து எடுத்து வைத்துவிட்டு, அத்தையின் முகத்தைப் பார்க்காமலே உண்மையைச் சொன்னான். அவன் வேலை பார்ப்பது பீர் காய்ச்சும் இடத்தில். பெல்ஜியம் நாட்டுப் பக்குவத்தில் கோதுமை, ஆரஞ்சுத் தோல், தனியா போட்டு ஒரு பீர் செய்திருக்கிறான். குடித்தவர்கள் எல்லோரும் சோப்பு வாடை அடிக்கிறது என்கிறார்கள். தண்ணீரை மாற்றினான், ஈஸ்ட்டை மாற்றினான், வாடை போகவில்லை. எங்கம்மாவிடம் கேளுங்கள் என்று சிந்துஜாதான் அனுப்பியிருக்கிறாள்.

திரௌபதி ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். கல்யாணத்தில் சொன்ன பொய்க்காக எவ்வளவு கோபப்படலாம் என்று யோசித்தாள். ஆனால் பாட்டில் மூடியைத் திறந்ததும் வந்த வாசனை அவளை வேறு பக்கம் இழுத்துவிட்டது.

மிளகாய் நெடியில் நின்று எதையும் ருசி பார்க்க முடியாது. மெஷினை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போய் வாயைக் கொப்பளித்தாள். எவர்சில்வர் டம்ளரில் ஒரு வாய் ஊற்றி, நாக்கில் புரட்டி, வேப்பமரத்தடியில் துப்பினாள்.

"துப்பிட்டா தெரியாதுங்க அத்தை," என்றான் இனியன் தயங்கித் தயங்கி. "தொண்டையில இறங்கினப்புறம்தான் அந்த வாடை வரும்."

வாழ்நாளில் முதல் தடவையாக அவள் பீரை விழுங்கினாள். கண்ணை மூடிக்கொண்டாள். இன்னொரு வாய் குடித்தாள்.

"தனியா எங்க வாங்கினீங்க?"

"பாக்கெட்டு அத்தை. அரைச்சதே வருது."

"அதான். அரைச்சு ஆறு மாசம் ஆனது. வாசனை எல்லாம் போயிட்டு காறல்தான் மிச்சம். ஆரஞ்சுத் தோலுல வெள்ளையைச் சீவலியா? கசப்பு ஜாஸ்தியா இருக்குது."

இனியன் போனை எடுத்து எழுதிக்கொண்டான். தனியாவை முழுசாக வாங்கிக் காயவைத்து, வெறும் சட்டியில் கை பொறுக்கும் சூடு காட்டி, ஒன்றிரண்டாக உடைத்து அன்றைக்கே போடவேண்டும் என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தபோது, மெஷின் ஏன் நின்றது என்று பார்க்கப் பின்பக்கம் வந்தார் மணிவேல். அவர் சாம்பார்ப் பொடி அரைக்க வந்தவர். டம்ளரைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார். பொடி அரைக்காமலே டின்னைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் செய்தி டீக்கடைவரை போய்ச் சேர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அவள் கணவர் முருகையனின் காதிலும் விழுந்தது. மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், பௌர்ணமி தவறாமல் கிரிவலம் சுற்றுகிறவர். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியின் முன் நின்றார்.

"இன்னா சொல்றாங்க ஊர்ல, நீ குடிச்சியாமே?"

"ஆமாங்க. ரெண்டு வாய். தனியா பழசு," என்றாள் திரௌபதி.

 மாப்பிள்ளையின் வேலை விவரத்தையும் அவள் சொன்னதும் நாற்காலியில் உட்கார்ந்த முருகையன், சாப்பாட்டுக்குக் கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் மில்லுக்கு யாரும் வரமாட்டார்கள் என்று அவள் நினைத்திருந்தாள். வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகமாக இருந்தது. கால் கிலோ மிளகாயோடு வந்த பெண்கள்கூட அரைத்த பிறகும் நகரவில்லை. கடைசியில் வினோதினி டீச்சர் குரலைத் தணித்துக் கேட்டேவிட்டாள், அது எப்படித்தான் இருக்கும் என்று. ஆறிப்போன சுக்குமல்லிக் காப்பியில் சோடா ஊற்றியது மாதிரி என்றாள் திரௌபதி. இவ்வளவுதானா என்று பாதிப் பேருக்கு ஏமாற்றமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து இனியன் போன் செய்தான். வாடை போய்விட்டது, முதலாளிக்கும் பிடித்துவிட்டது, இனிமேல் தனியா அத்தையிடமிருந்துதான் வரவேண்டும் என்றான். கீழ்பென்னாத்தூர் மளிகைக்காரரிடம் புதுச் சரக்காகப் பார்த்து வாங்கி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நாற்பது கிலோ மூட்டை கட்டினாள் திரௌபதி. பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிடும் வேலை முருகையனுக்கு வந்தது.

மூட்டையை முகர்ந்து பார்த்த கண்டக்டர், இவ்வளவு தனியா எதுக்குங்க என்று கேட்டார்.

"மாப்ள வீட்ல ரசம் வைக்க," என்றார் முருகையன்.